பெயர் கேட்காத சர்வேயில் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

நத்தை

வருஷா வருஷம் வருமே அந்த சர்வே.. "இங்கே வேலை பார்ப்பதில் மகிழ்ச்சியா", 1 முதல் 5 வரை.. கடைசியில் ஒரு காலிப் பெட்டி, மனசில் பட்டதை எழுதலாம், பெயர் வெளியே வராது.. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்..

நான் எழுதிட்டேன்.. "வேலை அதிகம்னு சொல்லலை.. போன வாரம் செஞ்சதை இந்த வாரம் தூக்கிப் போடறோம், ஏன்னு யாரும் சொல்றதில்லை.. அதுதான் ஆளைத் தின்னுது.." அவ்வளவுதான்..

மூணு வாரம் கழிச்சு டீம் மீட்டிங்.. மேனேஜர் ரிசல்ட் போட்டுக் காட்டறார்.. பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள்.. ஏழாவது ஸ்லைடில் என் வரி, அச்சு அசலா அப்படியே.. நான் எங்கே எழுதினாலும் ஒரு புள்ளிக்கு ரெண்டு புள்ளி வைப்பேன், இங்கேயே பாருங்க.. அந்த ரெண்டு புள்ளியும் திரையில் என் உள்ளங்கை அளவுக்கு நிக்குது.. அறையில் இருந்தது ஆறே பேர்.. எல்லாருக்கும் தினம் என் மெயில் போகுது.. பக்கத்தில் இருந்தவர் மேஜைக்கு அடியில் என் காலை லேசா மிதிச்சார்.. "யார் எழுதினதுன்னு எனக்குத் தேவையில்லை"ன்னு சொல்லிட்டு, என் பக்கம் பார்க்காம இருக்க மேனேஜர் பட்ட பாடு இருக்கே..

அப்புறம் ஒண்ணும் நடக்கலை.. திட்டலை, வேற டீமுக்கு மாத்தலை, அப்ரைசலும் எப்பவும் போலத்தான்.. ஆனா எட்டு மாசமா எனக்கு வர்ற ஒவ்வொரு மெயிலிலும் "உங்க கருத்தையும் சொல்லுங்க"ன்னு ஒரு வரி சேர்க்கிறார்.. கேலியா, நிஜமான்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடலை..

பழைய ஹெச்ஆர்

நத்தை, படிக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். யார் பதில் என்று யாருக்குமே தெரியாத சர்வே வேறு, ரகசியம் காக்கிற சர்வே வேறு. முதலாவதில் எல்லாருக்கும் ஒரே லிங்க். இரண்டாவதில் ஆளுக்கொரு தனி லிங்க். நடத்துகிறவர்களுக்குப் பெயர் தெரியும், மேனேஜருக்குக் காட்ட மாட்டார்கள். இதை முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை, நேராகக் கேள்விக்குப் போய்விடுகிறீர்கள்.

ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அந்தக் குழுவின் மதிப்பெண்ணைக் காட்டாமல் மறைப்பது பல இடங்களில் வழக்கம். ஆனால் அது மதிப்பெண்ணுக்குத்தான். காலிப் பெட்டியில் எழுதியது பல சமயம் எழுத்து மாறாமல் மேலே போகும். ஆகவே உங்களுக்கு மட்டுமே தெரிந்த சம்பவத்தை எழுதாதீர்கள். "போன வாரம்" என்று நாள் குறிக்காதீர்கள். அடிக்கடி சொல்லும் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். பிரிவு, ஷிப்ட், எத்தனை வருட சர்வீஸ் என்று மூன்றையும் கேட்டால் ஒன்றையாவது காலியாக விடுங்கள், மூன்றும் சேர்ந்தால் அது உங்கள் பெயர்தான். எழுதியதை ஒரு மணி நேரம் கழித்துப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

என் அனுபவமா? பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். யாரையும் மாட்டிவிட்டதில்லை.

இரவுப்பறவை

உங்களுக்கெல்லாம் மீட்டிங் வச்சாவது காட்டறாங்க. நாங்க நைட் ஷிப்ட், பேக்கிங். பத்து மணி நேரம் நின்னுட்டே. ரெண்டு வருஷமா சர்வேயில் ஒரே வரிதான் எழுதறேன்: நாற்காலி வேணும். நாலு பேருக்கு ஒண்ணு போட்டாலும் மாத்தி மாத்தி உட்கார்ந்துப்போம்.

இந்த வருஷம் பதில் வந்துச்சு. "நீங்கள்தான் எங்கள் பலம்"னு ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர். ஒட்ட வந்த பையனுக்கு மேல் பக்கம் எட்டலை. "ஏறி நிக்க ஏதாவது இருக்கா அண்ணா"ன்னான். நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். ஆபீஸ் ரூம்லேர்ந்து நாற்காலி ஒண்ணு எடுத்துட்டு வந்து ஏறி ஒட்டினான். முடிஞ்சதும் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான்.

சும்மா படிக்கிறவன்

நான் எப்பவும் எல்லாத்துக்கும் 5. காரணம் இருக்கு. மேனேஜருடைய போனஸில் எங்க மதிப்பெண்ணும் ஒரு பங்கு. சர்வே வாரத்தில் ஒவ்வொரு மேஜையா வந்து தோளைத் தட்டிட்டுப் போவார். பாவம் நல்ல மனுஷன், வாய் திறந்து கேட்கக்கூடக் கூச்சம் அவருக்கு. பதினொரு பேரும் 5 போட்டோம்.

அடுத்த மாசம் ரெண்டு பேர் வேலையை விட்டாங்க. பதிலுக்கு ஆள் கேட்டு மேனேஜர் எழுதினார். மேலேர்ந்து வந்த பதிலை எனக்கே காட்டினார்: "உங்கள் டீம் மிக மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரிகிறது, கூடுதல் ஆள் இப்போது அவசியமில்லை." ரெண்டு பேரும் உட்கார்ந்து சிரிச்சோம். அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அங்கேதான் இருந்தோம்.

மூணாவது வரிசை

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? நான் மேனேஜர். திட்டுவதானால் முடித்த பிறகு திட்டுங்கள்.

முதல் வருடம் என் மதிப்பெண் 2.1. அதைக்கூட விழுங்கிவிட்டேன். காலிப் பெட்டியில் ஒருவர் எழுதியிருந்தார்: "காலையில் வணக்கம் சொன்னால் ஒருநாளும் பதில் சொல்லமாட்டார். நாங்கள் மனிதர்கள் இல்லையா?" எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே. வேலை இடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கூட்டங்களில் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். வாசலிலிருந்து என் அறைக்குப் போகிற வழியில் என் இடது பக்கம் உட்கார்ந்திருப்பது ஒரே ஒருவர்தான். ஒன்றரை வருடமாக அவர் தினமும் வணக்கம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், எழுதியது அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடுமே? அதனால் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தேன். இப்போது அவர் என் வலது பக்கம். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். காரணம் அவருக்குத் தெரியாது. நான் திருந்திவிட்டதாக நினைத்திருப்பார்.

பெரியவர்

எல்லாருடையதையும் படித்தேன். இளைஞர்கள் அடிப்படையைத் தவறவிடுகிறீர்கள். சர்வேயில் எழுதுவதால் எதுவும் மாறாது, முதலில் உங்கள் நேரத்தை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். ஒரு நோட்டில் தினமும் உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம் குறியுங்கள். வீட்டிலிருந்து பார்த்த மெயிலையும் கணக்கில் சேர்க்கவும். பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அங்கே அது சாத்தியமாயிற்று.

இரண்டாவது, மனம் எரிந்து தீர்ந்துபோவதை (ஆங்கிலத்தில் பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோயாக வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிகழ்வாகத்தான் வகைப்படுத்தியது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலையிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. அதாவது மருந்து உங்களிடம் இல்லை, வேலை இடத்தில் இருக்கிறது. மூன்றாவது, கவனிப்பு. அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-ல் தொடங்கிய சோதனையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. ஆகவே மேலதிகாரிகள் தினமும் ஒருமுறை சுற்றி வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நானும் ஒருமுறை மனம் வெறுத்து ராஜினாமா செய்தவன்தான்.

சும்மா படிக்கிறவன்

ஐயா, மற்றதெல்லாம் சரி. அந்த ஹாதார்ன் கதையை மட்டும் விட்டுடுங்க. அந்த வெளிச்சச் சோதனையின் பழைய எண்களைத் தேடிப் பிடிச்சு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் மறுபடி கணக்குப் போட்டு 2011-ல் கட்டுரை எழுதினாங்க. சொல்லப்படற மாதிரி பெரிய மாற்றம் எதுவும் அந்த எண்களில் இல்லைன்னாங்க. ஆனா "கவனிச்சாலே போதும்"ங்கறதை எந்த மேனேஜ்மென்ட் விடும்? செலவே இல்லாத வைத்தியமாச்சே.

இரவுப்பறவை

ஐயா, எங்களையும் தினம் சுத்தி வந்து கவனிக்கறாங்க. யாராவது எதிலாவது சாஞ்சு நிக்கறோமான்னு பார்க்க. நான் கேட்டது நாற்காலி.

பெரியவர்

நல்லதுக்குத்தான் சொன்னேன் தம்பி.

பழைய ஹெச்ஆர்

மூணாவது வரிசை எழுதியதைப் படித்ததிலிருந்து சரியாக இல்லை. மேலே "யாரையும் மாட்டிவிட்டதில்லை" என்று எழுதினேன். அது பொய்.

ஒரு டைரக்டர் முதலில் ஒரு பிரிவின் சராசரியைக் கேட்டார். ஒன்பது பேர். ஐந்துக்கு மேல் இருக்கிறது, விதிப்படி சரி, கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, அதே பிரிவில் பகல் ஷிப்ட் மட்டும் வேண்டும் என்றார். எட்டுப் பேர். அதுவும் ஐந்துக்கு மேல்தான். கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஒன்பது பேரின் கூட்டுத்தொகையிலிருந்து எட்டுப் பேருடையதைக் கழித்தால் மிச்சம் யார்? இரவு ஷிப்டில் இருந்த அந்த ஒரே ஆளின் ஒவ்வொரு பதிலும் தசமப் புள்ளி வரை சுத்தமாக வந்துவிடும். பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு.

மறுநாள் போய்த் திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதை? படித்த எண்ணையா? இரண்டு மாதத்தில் அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். இதனால்தானா என்று தெரியாது. மாற்றல் ஆர்டரில் கையெழுத்துப் போட்டது நான். போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூணாவது வரிசை

மேடம், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

பழைய ஹெச்ஆர்

வித்தியாசம் ஐந்து பேருக்குக் குறைவாக வருகிற இரண்டாவது ரிப்போர்ட்டைக் கொடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

நத்தை

மேடம், நீங்க சொன்னதும் முதல் பக்கத்தைத் தேடிப் படிச்சேன்.. இந்த வருஷத்து மெயில் நேத்தே வந்துடுச்சு.. "நீங்கள் இன்னும் பதிலளிக்கவில்லை, இது இரண்டாவது நினைவூட்டல்"ன்னு.. பெயர் கேட்காத சர்வேக்கு நான் போடலைன்னு எப்படித் தெரியும்னு இப்போ புரியுது, தனி லிங்க்..

காலிப் பெட்டியில் பாதி எழுதி வச்சிருக்கேன்.. உங்க யோசனைப்படி புள்ளியெல்லாம் ஒண்ணா மாத்தினேன், "போன வாரம்" எடுத்தேன், நான் வழக்கமா சொல்ற வார்த்தையெல்லாம் எடுத்தேன்.. படிச்சுப் பார்த்தா வேற யாரோ வேற எதைப் பத்தியோ எழுதின மாதிரி இருக்கு.. மறுபடி ரெண்டு புள்ளி வச்சிருக்கேன்.. இன்னும் அனுப்பலை..