மன்றத்தில் சேர்ந்தேன், வானம் பார்ப்பது நின்றுவிட்டது

கேள்வி: முதலாம் ஆண்டு மாணவி, இயற்பியல்

கல்லூரியில் சேர்ந்து நான்காவது மாதம் நடக்கிறது. வகுப்புகள் பிடித்திருக்கின்றன, விடுதி பழகிவிட்டது, மூத்த மாணவர்கள் மீது முதல் வாரத்தில் இருந்த அச்சமும் போய்விட்டது. ஆகவே இது குறை சொல்ல எழுதுவது அன்று. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கத் தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 0.5 என்றிருந்த அதன் பொலிவெண், அதாவது ஒளியின் அளவைக் குறிக்கும் எண், அடுத்த பிப்ரவரியில் 1.6 அளவுக்குப் போயிற்று. (எண் கூடினால் ஒளி குறைகிறது என்று பொருள், இந்தத் தலைகீழ்க் கணக்குப் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.) ரோகிணியோடு ஒப்பிட்டு, எது ஒளி மிகுந்தது என்று இரவுதோறும் ஒரு நோட்டில் குறித்தேன். விண்மீன் வெடிக்கப்போகிறது என்று பலரும் பேசிக்கொண்டார்கள். அது வெளியே தள்ளிய பொருள் குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்று பின்னர் தெரியவந்தது. திருவாதிரை பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பொதுத்தேர்வு நடந்த வாரங்களிலும் விடாத அந்தப் பழக்கம், இயற்பியல் படிக்கவென்றே வந்த இடத்தில் நின்றுவிட்டது. வானியல் மன்றத்தில் முதல் வாரத்திலேயே சேர்ந்தேன். இதுவரை ஐந்து கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஐந்தும் அறைக்குள், விளக்கு வெளிச்சத்தில். எனக்குச் சுவரொட்டி வடிவமைக்கும் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

நேரம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆய்வகப் பதிவேடு எழுதுவதும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் மாலையைத் தின்பது உண்மை. ஆனால் இரவு உணவுக்குப் பிறகு பொது அறையில் ஒன்றரை மணிநேரம் பேசிக்கொண்டிருக்க நேரம் கிடைக்கிறதே. குறைவது தனிமை என்றே இப்போது தோன்றுகிறது. நான்கு பேர் இருக்கும் அறையிலிருந்து நோட்டோடு எழுந்து சென்றால் “எங்கே போகிறாய்?” என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். விடை சொல்லத் தொடங்கியவுடன், எனக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒன்று விளக்கிச் சொல்லவேண்டிய பொருளாகிவிடுகிறது. இதே நிலையில் இருந்தவர்கள் தங்கள் விருப்பத்தை எப்படிக் காப்பாற்றிக்கொண்டீர்கள்?

விடை 1: மூன்றாம் ஆண்டு மாணவர்

காப்பாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பள்ளியில் ஏழு ஆண்டுகள் புல்லாங்குழல் கற்றேன். இங்கே வந்த முதல் பருவத்தில் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை, அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு திரிந்தேன். பிறகு விவாத மன்றத்துக்குப் போனேன், நாடகத்துக்கு மேடை விளக்கு அமைத்தேன். மேடை விளக்கில் எனக்கு இருக்கும் ஈடுபாடு குழலில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலாண்டில் ஒரு பழக்கம் உதிர்ந்தால் அது துரோகம் ஆகிவிடாது.

மன்றத்தைப் பற்றி ஒரு சொல்: எந்த மன்றமும் தன் பெயரில் உள்ள வேலையைச் செய்வதற்காக மட்டும் நடப்பதில்லை. ஆட்களைச் சேர்ப்பது, நிகழ்ச்சி நடத்துவது, அடுத்த ஆண்டுக்குப் பொறுப்பாளரைத் தேடுவது ஆகியவற்றிலேயே அதன் உழைப்பில் பெரும்பங்கு கழிந்துவிடும். நண்பர்கள் வேண்டுமானால் அங்கே இருங்கள். விண்மீன் வேண்டுமானால் சுவரொட்டியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

விடை 2: பல ஆண்டுகளாக மாறுவிண்மீன் (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) நோக்கும் ஒருவர்

முந்தைய விடையில் பாதியை ஏற்கிறேன். ஆனால் தேர்வு வாரங்களிலும் நோட்டைத் திறந்த ஒருவருக்கு அது உதிரும் பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் பொழுதுபோக்குக்கு இருக்கும் ஒரு வசதியை நீங்களே மறந்துவிட்டீர்கள். ஒளிமங்கிய நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகங்களைத் தேடுபவருக்கு இருட்டான வெளி வேண்டும். ஒளி மிகுந்த மாறுவிண்மீனைப் பார்க்க விளக்குகள் எரியும் வளாகமே போதும். பெர்சியஸ் விண்மீன் தொகுதியில் உள்ள அல்காலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவரும் அமைப்பு அது. மங்கலானது ஒளிமிக்கதை மறைக்கும்போது பொலிவெண் 2.1இலிருந்து 3.4க்கு ஏறத்தாழ ஐந்து மணிநேரத்தில் இறங்கி, மேலும் ஐந்து மணிநேரத்தில் மீளும். இது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழ்வதால், எந்த இரவில் எத்தனை மணிக்கு அடிமட்டத்தைத் தொடும் என்று நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு மதிப்பீட்டுக்குப் பத்து நிமிடம் போதும்: அல்காலைவிடச் சற்று ஒளி மிகுந்த ஒரு விண்மீன், சற்று ஒளி குறைந்த ஒரு விண்மீன், இவற்றுக்கு நடுவில் அது எங்கே நிற்கிறது என்று கண்ணால் அளந்தால் வேலை முடிந்தது. கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதால் கைப்பேசியை மட்டும் அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். (விடுதியில் இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி என்று அறிவேன்.) அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கம் 1911 முதல் இத்தகைய பதிவுகளைத் திரட்டி வருகிறது; எந்த நாட்டிலிருந்தும் எவரும் அனுப்பலாம். சான்றிதழும் மதிப்பெண்ணும் கிடையாது, அதனாலேயே அது உங்களுக்குப் பொருந்தும்.

விடை 3: ஓய்வுபெற்ற பேராசிரியர்

அம்மா, நீங்கள் தனிமையைப் பற்றிச் சொன்னதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அல்கால் குறிப்பிட்ட கால ஒழுங்கில் மங்குகிறது என்பதைக் கண்டறிந்து 1783ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் உள்ள அறிவியல் அமைப்பான ராயல் கழகத்துக்குத் தெரிவித்த ஜான் குட்ரிக்குக்கு அப்போது வயது பதினெட்டு, அதாவது உங்கள் வயது. சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருட்டு அறையில் சன்னலோரம் தனியே நிற்கும் ஓர் இளைஞனைத்தான் வரைந்து காட்டுகிறார்கள்.

உண்மையில் அவர் தனியாக இல்லை. யார்க் நகரில் அருகிலேயே எட்வர்டு பிகாட் என்ற உறவினர் வசித்தார். குட்ரிக்கைவிட ஏறத்தாழ பத்து வயது மூத்தவர், வானியலில் தேர்ந்தவர். ஒருவர் பார்த்ததை மற்றவர் தம் கண்ணால் சரிபார்த்தார். அல்காலைச் சுற்றும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து அதை மறைக்கலாம் என்ற கருத்தும் இவ்விருவரின் பேச்சில் பிறந்ததுதான். அது நிறமாலைச் சான்றோடு, அதாவது விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராய்ந்து, உறுதிப்பட 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1784இல், ஒரு மாத இடைவெளியில், பிகாட் ஈட்டா அக்விலேயையும் குட்ரிக் டெல்டா செஃபெயையும் மாறுவிண்மீன்கள் எனக் கண்டார்கள். 1786இல், இருபத்தொன்றாம் வயதில், குட்ரிக் இறந்துபோனார்.

நாற்பது பேர் கொண்ட மன்றத்துக்கும் ஒருவர் மட்டுமே இருக்கும் மொட்டைமாடிக்கும் நடுவே இருவர் என்றும் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. “எங்கே போகிறாய்?” என்று கேட்பவர்களில் ஒருத்தியையேனும் ஒருநாள் அழைத்துச் சென்று பாருங்கள். ஒரு நிபந்தனை: உங்கள் மதிப்பீட்டை அவர் தமது எண்ணை எழுதும்வரை சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் அவர் கண் உங்கள் எண்ணைத்தான் பார்க்கும்.

கேள்வி கேட்டவர் (ஒன்பது நாட்களுக்குப் பிறகு)

சுவரொட்டிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன், மன்றத்திலிருந்து விலகவில்லை. புல்லாங்குழல் அண்ணாவின் வாதம் எனக்குச் சுலபமாக ஆறுதல் தந்தது, அதனாலேயே அதன்மீது சற்று ஐயம் வந்தது.

நேற்று அல்காலைப் பார்க்க அறைத்தோழி ஒருத்தியோடு மாடிக்குச் சென்றேன். அவள் வணிகவியல் மாணவி. விண்மீன்கள் ஒளி மாறும் என்பதையே அதுவரை அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை. எட்டேகால் மணிக்கு நான் 2.5 என்று எழுதினேன், அவள் 2.4 என்று எழுதினாள். ஒன்பது ஐம்பதுக்கு என் எண் 3.1, அவளுடையது 3.3. ஐயா சொன்னபடி தாளை மறைத்துக்கொண்டுதான் எழுதினோம். 3.3 அவ்வளவு விரைவில் வந்திருக்க முடியாது என்று நான் சொன்னபோது, “கண்ணுக்குத் தெரிந்ததை எழுதச் சொன்னாயா, வந்திருக்க வேண்டியதை எழுதச் சொன்னாயா?” என்று கேட்டாள். நான்கரை ஆண்டுகளாகத் தனியே எழுதியபோது இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. பழைய பக்கங்களில் எத்தனை எண்கள் நான் எதிர்பார்த்தவை மட்டுமே என்று இப்போது புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அல்கால் அடிமட்டத்தைத் தொடுவது பத்தே முக்காலுக்கு. மாடிக் கதவைப் பத்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள், அதனால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுத்தது நாளை மறுநாள் இரவு ஏழரைக்கு வருகிறது. அதற்கு மறுநாள் காலை எனக்குக் கணிதத் தேர்வு. அவள் இரண்டையும் ஒரே தாளில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள்.