அம்மாவுக்கு அல்சைமர், எந்த ஸ்டேஜ்னு எப்படி புரிஞ்சுக்கறது?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயசு, அல்சைமர்ங்கற மறதி நோய்க்கு டோனிபெசில் மாத்திரை ஓடிட்டு இருக்கு. எம்எம்எஸ்இன்னு ஞாபகம், யோசனை எல்லாம் கேள்வி கேட்டுப் பாக்கற டெஸ்ட்ல 30க்கு 14 வந்துச்சு, டாக்டர் மாடரேட்னு மட்டும் சொன்னாரு, அவ்ளோ கூட்டத்துல மேல கேக்க முடியல. தேடிப் படிச்சதுல ஃபாஸ்ட் ஸ்கேல்னு ஒண்ணு, தினசரி வேலைய எவ்வளவு தானா செய்யறாங்கன்னு வச்சு ஸ்டேஜ் சொல்றது, மொத்தம் ஏழு ஸ்டேஜ், 5ல என்ன புடவை கட்டறதுன்னு எடுத்துக்குடுக்க ஆள் வேணும், 6ல முதல்ல உடுத்தறது, அப்புறம் குளிக்கறது, பாத்ரூம், கடைசில யூரின், மோஷன் கன்ட்ரோல்னு ஒவ்வொண்ணா போகுமாம். அம்மா புடவைய தானாவே கட்டிக்கறாங்க, ஆனா ஜாக்கெட்டுக்கு மேல இன்னொரு ஜாக்கெட் போட்டுக்கறாங்க, குளிக்க கூப்பிட்டா "காலைலயே குளிச்சாச்சு"ன்னு கோவம் வருது, சாயங்காலம் ஆனா "எங்கம்மா தேடுவாங்க, வீட்டுக்குப் போறேன்"னு வாசல்ல போய் நிக்கறாங்க. இது 5ஆ 6ஆ?

போன வாரம் திடீர்னு மோசமாகி என்னையே யாருன்னு கேட்டாங்க. அடுத்த ஸ்டேஜ் வந்துடுச்சுன்னு அண்ணன் அழுதே விட்டாரு, டெஸ்ட் எடுத்தா யூரின் இன்ஃபெக்‌ஷன், ஆன்டிபயாடிக் குடுத்ததும் கிட்டத்தட்ட பழையபடி ஆயிட்டாங்க. உங்க வீட்லயும் இப்படி ஓரிரு நாள்ல திடீர்னு மாறினா நோய் முத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

வீட்ல வச்சு பாத்துக்கிட்டவங்க சொல்லுங்க, குளிக்க எப்படி சம்மதிக்க வச்சீங்க, சாயங்காலத் தவிப்புக்கு என்ன பண்ணீங்க, ராத்திரிக்கு ஆள் எந்த கட்டத்துல வச்சீங்க? சாப்பாடு முழுங்கறதுல சிரமம் கடைசி ஸ்டேஜ்லதான் வரும்னு படிச்சேன், ஆனா அம்மாவுக்கு இப்பவே தண்ணி குடிச்சா புரை ஏறுது, அது ரொம்ப பயமா இருக்கு. மதுரைப் பக்கம் பகல்ல மட்டும் பாத்துக்கற சென்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க.