சுவாமி ஞானப்பிரகாசரிடம் மட்டக்களப்பைத் தேடுகிறேன்

வந்தாறுமூலைப்பிள்ளை:
கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கடைசி வருடம். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைத் திருச்சபை வரலாற்றாசிரியராக மட்டும் எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுத ஆசை, ஏனென்றால் எல்லாரும் அவருடைய அகராதியைப் பற்றியே பேசுகிறார்கள். மட்டக்களப்போடு தொடுத்து எழுது என்கிறார் சேர். பார்த்த பக்கங்களில் எங்கட ஊர் வருவதாகவே காணோம். எங்கே தேடுவது?

புளியந்தீவான்:
தங்கச்சி, பிழை உங்களில் இல்லை. அவருடைய இலங்கைக் கத்தோலிக்க திருச்சபை வரலாறு (1924) 1505 முதல் 1602 வரைதான். இயேசு சபையார் (ஜெசுவிற் துறவிகள்) இலங்கையில் வந்து இறங்கிய வருடத்தோடு நின்றுவிடுகிறது, இங்கே போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதோ 1628 இல். சரி, யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் 25 வருடங்களைப் பற்றி எழுதினாரே என்றால், அது 1893 இல் தொடங்குகிறது, அதே வருடம்தான் கிழக்கைப் பிரித்துத் திருகோணமலை மறைமாவட்டம் ஆக்கினார்கள். இரண்டு தடவையும் நாங்கள் வேலிக்கு வெளியே!

ஆளைப் பற்றி எழுதத் தாராளமாக இருக்கிறது. 1875 இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்து, தகப்பன் செத்த பிறகு தாய் மறுமணம் செய்த வீட்டில் கத்தோலிக்கராகி, ரயில்வே கிளாக்கர் வேலையை விட்டுவிட்டு 1901 இல் குருவானவர் ஆனவர். சைவரோடு வாதாடித் துண்டுப்பிரசுரங்களும் எழுதினார். வரலாற்று நூல்களை வாசிக்கும்போது அந்த வாதாடுகிற கையையும் கவனியுங்கள்.

வாவிக்கரை:
கிழக்குக்கு எஸ். ஜி. பெரேரா அடிகளாரைப் பிடியுங்கள், இயேசு சபை, 1882–1950. குவேறோஸ் பாதிரியார் 1687 இல் கோவாவில் முடித்த, போர்த்துக்கேயர் இலங்கையைப் பிடித்த கதையைச் சொல்கிற பெரிய போர்த்துக்கேய நூலை 1930 இல் ஆங்கிலமாக்கியவர். குவேறோஸ் இலங்கையில் கால் வைக்காமலே எழுதியது அது, அதனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஞானப்பிரகாசரையும் பெரேராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சேர் கேட்கிற தொடுப்பு தானாக வரும்.

வந்தாறுமூலைப்பிள்ளை:
நன்றி அண்ணாமார். கோயில் பதிவேடுகள் உதவுமா?

புளியந்தீவான்:
1893க்குப் பிந்திய காலத்துக்கு உதவும், அப்போது இங்கே இருந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபையார். என் அப்பப்பாவின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்திருக்கிறேன்: பெயர் லத்தீனில், ஊர்ப்பெயர் பிரெஞ்சுச் சாமியின் காதில் விழுந்தபடி, ஓரத்தில் வேறு மையில் கலியாணத் திகதி. துறைத் தலைவரின் கடிதத்தோடு பங்குத்தந்தையிடம் போங்கள், ஞாயிறு காலையில் மட்டும் போகாதீர்கள்.