அம்மாவிடம் எப்போது பேசத் தொடங்குவது?

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. கணையப் புற்றுநோய், நான்காம் நிலை, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு நடமாடுகிறார், சீரியல் பார்க்கிறார், மருமகள் வைக்கும் ரசத்தில் குறை சொல்கிறார். இந்த நிலையிலேயே கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசிவிடலாமா, இல்லை கீமோ கேட்காமல் போகும்வரை பொறுக்கலாமா?

“வாயால் சொன்னால் பலித்துவிடும்” என்று பெரியம்மா தடுக்கிறார். எனக்கோ, வலியும் மயக்கமும் கூடிவிட்டால் அம்மாவால் எதைத் தெளிவாகச் சொல்ல முடியும் என்ற பயம். ஐசியூ, வென்டிலேட்டர் வேண்டுமா, வீட்டிலேயே இருக்க ஆசையா என்பதை அவர்தானே சொல்ல வேண்டும்?

சிகிச்சை விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும் என்றது. தமிழ்நாட்டில் யாராவது எழுதியிருக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் மதித்தார்களா?

வலி தணிப்பு மருத்துவரைக் கீமோ நடக்கும்போதே பார்க்கலாம் என்று தெரியும். மதுரைப் பக்கம் வீட்டுக்கே வந்து பார்ப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பேச்சை முதலில் எப்படி எடுத்தீர்கள் என்பதையும். மூலிகை வைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.