சனிக் கட்டத்தில் ஆகியேல் முத்திரை: ஒரு சந்தேகம்

வணக்கம். ஜெர்மானிய மாந்திரீக நூலாசிரியர் அக்ரிப்பாவின் 1533 நூலில் உள்ள கிரக முத்திரைகளைக் (கிரகங்களுக்குரிய மாயக் குறியீடுகள்) கையால் வரைந்து படித்து வருகிறேன். சனிக்கு மூன்றுக்கு மூன்று கட்டம்: மேல் வரிசை 4, 9, 2, நடுவில் 3, 5, 7, கீழே 8, 1, 6. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15, மொத்தம் 45. சனியின் நல்ல ஆவியான ஆகியேலின் பெயரை எபிரேய எழுத்துகளின் மதிப்பில் கூட்டினாலும் அதே 45 வருகிறது. எவ்வளவு அழகான கணக்கு!

சிக்கல் வரைவதில்தான். பெயரின் எழுத்து மதிப்புகளைக் கட்டத்தில் தேடி, வரிசையாகக் கோட்டால் இணைத்தால் முத்திரை கிடைக்கும். ஆகியேல் பெயரின் எழுத்து மதிப்புகள் 1, 3, 10, 1, 30. கட்டத்தில் 9-க்கு மேல் இல்லாததால் பூச்சியத்தை விட்டால் 1, 3, 1, 1, 3. கோடு இரண்டே கட்டங்களுக்குள் போய்ப் போய்த் திரும்புகிறது, கடைசியில் ஒரே சாய்கோடுதான் மிஞ்சுகிறது. ஒரே எண் அடுத்தடுத்து வரும் இடத்தில் சின்ன வளைவு போடுவார்களா? திரும்பி வரும் கோட்டைத் தள்ளி வரைவார்களா? வரைந்து பழகியவர்கள் படத்தோடு விளக்கினால் பெரிய உதவி.