தெரியாதவர்களிடம் கருத்துக் கேட்டபோது: திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். சங்குக்குப் போடுவதா, வேண்டாமா? சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் நின்றிருந்தார். மாமா ஒரு பக்கம், அண்ணன் மறுபக்கம். இருவரும் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது அவர்கள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். அயலவர்களிடம் போனாலும் அதே கதைதான். நான் யாருடைய மகன், எங்கள் படலையைத் திறந்து எந்தக் கட்சிக்காரர் வந்துபோனார் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். ஆகவே வேலைக்காக மூதூர் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

"யாருக்குப் போடுவீர்கள்?" என்று ஒருவரையும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் இந்த ஊரில் எவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். என் குழப்பத்தைத்தான் முன்வைத்தேன். வாக்குச் சீட்டில் முதலாவது விருப்பை ஒருவருக்கும் இரண்டாவதை இன்னொருவருக்கும் கொடுத்தால், முதலாவதன் பெறுமதி குறைந்துவிடுமா?

ஒரு நாள் அருகில் இருந்தவர் அறுபது தாண்டிய ஒரு முஸ்லிம் நானா. மடியில் உரப்பை, அதற்குள் புது வலை. முன்பு வாக்கெண்ணும் நிலையத்தில் கட்சி முகவராக இருந்தவராம். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது என் கையில் இருந்த பத்திரிகையை வாங்கி, ஓரத்தில் வரிசையாகக் கட்டங்கள் கீறினார். கீழே இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். மேலே இரண்டு மட்டும் மிஞ்சின.

"ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் கழித்துவிடுவார்கள் தம்பி. கழிக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் எடுத்து, இரண்டாவது விருப்பு இந்த இருவரில் யாருக்கு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. நீங்கள் சங்குக்குப் போட்டது சங்கின் கணக்கிலேயே இருக்கும். அதில் ஒன்றும் குறையாது." பிறகு விரலை உயர்த்தி எச்சரித்தார். "புள்ளடி (X) போட்டுவிட்டு மற்றவர்களுக்கு 2, 3 என்று எழுதிவிடாதீர்கள், சீட்டு பழுதாகிவிடும். எழுதுவதென்றால் 1, 2, 3 என்றே எழுதுங்கள்."

முன் இருக்கையில் சேருநுவரைக்குப் போகும் ஒரு சிங்கள அக்கா. எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, தமிழிலேயே கேட்டார்: "சங்கு என்றால் தனிநாடு கேட்கிறார்களா?" அவர் குரலில் சண்டை இல்லை. உண்மையில் அறிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முதலில் பதில் வரவில்லை. கிழக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2012இல். 2017இல் சபை கலைந்த பின் இன்றுவரை எங்களுக்கென்று தெரிவுசெய்த சபை இல்லை, ஆளுநர் மட்டுமே இருக்கிறார். இப்படியான குறைகளைக் கொழும்பு காதில் போடும் ஒரு வழியாகத்தான் பலர் சங்கைப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். "அந்தச் சபை எங்களுக்கும்தானே இல்லை" என்றார் அந்த அக்கா. நானா தலையாட்டினார். மூன்று சமூகமும் வாழும் இந்த மாவட்டத்தில், மூவரும் ஒரே குறையை ஒரே பஸ்ஸில் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நானா கீறிக் காட்டியதுதான் நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்துடன் முன்னணியில் நின்றார். பாதியை ஒருவரும் தாண்டவில்லை. நாட்டின் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாவது விருப்பு எண்ணப்பட்டது. நான் சங்குக்கு 1 எழுதியிருந்தேன், இரண்டாவதையும் எழுதியிருந்தேன். மாமாவும் அண்ணனும் இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி எழுதியதைப் படித்தேன். என்னுடையது அரசியல் அல்ல, வீட்டு விஷயம்.

மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி ருகுணு விவசாய பீடத்துக்குக் கிடைத்தது. மாத்தறை மாவட்டத்தில் கம்புறுப்பிட்டிய. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நாட்டின் மறுகோடி. என் கணவர் கத்தாரில். "நீயே முடிவெடு" என்று சொல்லிவிட்டார். வாப்பா வேண்டாம் என்றார். சாச்சி, "பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நீ இங்கே நித்திரை கொள்வாயா?" என்றார். மகள் அறைக்குள் அழுதாள். ஊரில் யாரிடம் கேட்டாலும், நாளைக்கு அவள் கல்யாணப் பேச்சு வரும்போது இது என்னவாகும் என்பதில்தான் வந்து நின்றது.

அந்த வாரம் கண் கிளினிக்குக்காகக் கொழும்புக்கு இரவு ரயிலில் போனேன். எதிரே ஒரு சிங்களத் தாய். சீனன்குடா தாண்டியதும் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, "நங்கி, கொஞ்சம் எடுங்கள்" என்று நீட்டினார். அவருடைய மகள் கோணேசபுரியில், திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாளாம். அவளைப் பார்த்துவிட்டு மாத்தறைக்குத் திரும்புகிறார். எனக்கு மேல் சிலிர்த்தது. அவருடைய பிள்ளை எங்கள் ஊரில், என் பிள்ளைக்கு அவருடைய ஊர்!

என் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நானும் இப்படித்தான் அழுதேன்" என்றார். முதல் மாதம் ஒவ்வொரு இரவும் மகளுக்குப் போன் எடுத்தாராம். திருகோணமலை என்றாலே அவருடைய ஊரில் யுத்தத்தைத்தான் நினைப்பார்களாம். பிறகு நேரில் வந்து பார்த்தார். வளாகத்துக்கு அருகில் கடை வைத்திருக்கும் தமிழ் அம்மா ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததை, கந்தளாய் வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்து அவர் சொன்னவைதான் எனக்குத் தேவையாக இருந்தன. பகிடிவதையைப் (ராகிங்) பற்றி மகளிடம் ஒளிக்காமல் பேசுங்கள். அதற்கு எதிராக 1998இல் சட்டமே வந்திருந்தாலும் அது இன்னும் ஒழியவில்லை. விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் முதல் நாளே உங்கள் கையில் இருக்கட்டும். மகளுடன் வரும்போது ஒரு முறையாவது இரவு தங்கி, அந்த ஊர்ச் சந்தைக்குப் போய் வாருங்கள். "ஊரைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்." மாத்தறையில் எந்த பஸ் எடுக்க வேண்டும் என்பதை என் கைப்பேசியில் அவரே எழுதித் தந்தார். என் குடும்பத்தில் ஒருவரும் விடுதி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மானத்தைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள்.

மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். வாப்பா இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை. அவருடைய பயத்தையும் நான் குறைத்துப் பார்க்க மாட்டேன்.

திருகோணமலை நகரிலிருந்து:

இரண்டையும் படித்து மனம் நிறைந்தது. ஆனால் எல்லாக் காலத்திலும் இப்படிக் கேட்க முடிவதில்லை என்பதையும் இங்கே பதிய வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் வந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். மத்திய பஸ் நிலையத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள்கூட அன்றாடம் காணும் முகங்களுக்கு "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கத் தயங்கினார்கள். கேள்வியே சந்தேகமாகப் பட்ட நேரம் அது. முஸ்லிம் சகோதரிகள் பஸ்ஸில் நின்றபடியே போனார்கள், பக்கத்து இருக்கை காலியாக இருந்தும். அப்போது பேச்சைத் திரும்பத் தொடக்கிவைத்தவை அரசியல் கேள்விகள் அல்ல. மீன் விலை, பிள்ளையின் காய்ச்சல், மழை எப்போது என்பவைதான். தெரியாதவரிடம் பெரிய விஷயத்தைக் கேட்க நினைப்பவர்கள், முதலில் அந்தச் சின்ன வாசலால் உள்ளே போகவேண்டும்.

சம்பூரிலிருந்து:

நீங்கள் எல்லாரும் கேட்டவர்கள். நாங்கள் கேட்கப்பட்டவர்கள். அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2006இல் யுத்தத்தால் ஊரை விட்டு ஓடினோம். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம் முகாமாக இருந்தோம். 2015இலிருந்துதான் திரும்பத் தொடங்கினோம். எங்கள் காணிகளை அனல் மின் நிலையத்துக்கு என்றார்கள், 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது தொடக்கி வைத்தார்கள். இந்த ஆண்டுகள் முழுவதும் யாராவது வினாக்கொத்துடன் வந்துகொண்டே இருக்கிறார்கள். நிலக்கரி வேண்டுமா, அரசியல் தீர்வு வேண்டுமா, திருப்தியா, ஓரளவு திருப்தியா, திருப்தியில்லையா. அம்மா எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எங்கள் பதில்கள் எங்கே போயின, யார் படித்தார்கள் என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். கருத்துக் கேட்பது ஒரு கடன். வாங்கியவர் திரும்பி வந்து கணக்குச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு மாணவி வேறு மாதிரி. வந்ததும் கேள்வியை எடுக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, வாயில் வைத்துப் பார்த்து, "எப்போதிருந்து உவர்க்கிறது அம்மா?" என்று கேட்டாள். அம்மா அன்று பேசியது போல் எந்த அதிகாரியிடமும் பேசியதில்லை. காணி உறுதி எரிந்தது, எல்லைக்கல் தொலைந்தது, பனைகளை அடையாளம் வைத்து வளவைக் கண்டுபிடித்தது எல்லாம் வெளியே வந்தன. போகும்போது தன் இலக்கத்தை அந்தப் பிள்ளையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அவளுடைய ஆய்வின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. அம்மா சொன்னவை அம்மாவின் சொற்களிலேயே இருந்தன, பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். அதை நாங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். இப்போது யாராவது வினாக்கொத்துடன் வந்தால், தலைவர் முதலில் அந்தப் பிரதியை அவர்கள் கையில் கொடுத்து, "இதை வாசித்துவிட்டு, இதில் இல்லாததைக் கேளுங்கள்" என்கிறார்.