பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: நிறுவிய பிறகு திரை இருண்டுவிடுகிறது

கேள்வி

வணக்கம். 2010இல் வாங்கிய, முதல் தலைமுறை கோர் ஐ3 செயலியும் 4 ஜிபி ராமும் கொண்ட மடிக்கணினியில், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது; செயலியோடு வரும் இன்டெல் கிராபிக்ஸ்தான். பென்டிரைவிலிருந்து இயக்கியபோதே மின்ட் சின்னம் தோன்றிய சில நொடிகளில் திரை இருண்டது. எளிய அமைப்புகளுடன் தொடங்கும் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ வழியாக நுழைந்து நிறுவி முடித்தேன். ஆயினும் அதே இருட்டு தொடர்கிறது. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைவதால் கணினி உறைந்துவிடவில்லை என்று தெரிகிறது. தங்கையின் கல்லூரிப் படிப்புக்கு இந்தக் கணினி உடனடியாகத் தேவைப்படுகிறது.

மறுமொழி 1

கணினியைத் தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், இயங்குதளத்தைத் தொடக்கி வைக்கும் க்ரப் நிரலின் பட்டியல் வரும். அதில் ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். திரை வந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, திரை வந்துவிட்டது. ஆனால் 1366×768 இருக்க வேண்டிய இடத்தில் 1024×768 மட்டுமே கிடைக்கிறது. எழுத்துகள் அகலமாக இழுபட்டுத் தெரிகின்றன, காணொளிகளும் திக்கித் திக்கி ஓடுகின்றன.

மறுமொழி 2

நோமோட்செட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். திரையமைப்பை இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலே ஏற்றுக்கொள்ளும் முறையை அது நிறுத்திவிடுவதால், இன்டெல் கிராபிக்ஸ் சில்லை இயக்கும் மென்பொருளான ஐ915 டிரைவர் செயல்படாமல் போய், படம் வரையும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. உள்ளே நுழைந்து பழுது பார்ப்பதற்குத்தான் அது உதவும்.

தங்கள் கணினியில் டிரைவர் சரியாக இயங்கி, திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி மட்டும் அணைந்திருக்கலாம் என்று ஐயுறுகிறேன். நோமோட்செட் இல்லாமல் தொடங்கி, அறையை இருட்டாக்கி, கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவேனும் உள்நுழைவுப் பெட்டி தெரிந்தால் சிக்கல் பின்னொளியில்தான். எதுவுமே தெரியாவிட்டால் விஜிஏ இணைப்பு வழியாக வெளி மானிட்டரை இணைத்துப் பார்க்க வேண்டும்; அங்கே படம் வந்தால் கேபிள், பேனல் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

பின்னொளிதான் காரணமெனில், அதே வரியில் நோமோட்செட்டுக்குப் பதிலாக, பின்னொளியைக் கட்டுப்படுத்தும் முறையைத் தேர்ந்தெடுக்கும் ‘ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டர்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள்; பயனில்லையென்றால் வெண்டர் இருக்குமிடத்தில் ‘நேட்டிவ்’ என்று மாற்றுங்கள். இம்மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், துணிந்து முயலலாம்.

கேட்டவர்

டார்ச் வெளிச்சத்தில் உள்நுழைவுப் பெட்டி நிழல்போலத் தெரிந்தபோது எனக்கு உயிர் வந்தது. வெண்டர் பலனளிக்கவில்லை, நேட்டிவ் என்று கொடுத்ததும் 1366×768இல் முழு வெளிச்சத்துடன் திரை வந்தது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும் வேலை செய்கின்றன. இதை எப்படி நிலையாக்குவது?

மறுமொழி 2

மகிழ்ச்சி. ‘ஈடிசி’ அடைவுக்குள் இருக்கும் ‘டீஃபால்ட்’ அடைவில் ‘க்ரப்’ என்ற கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்னும் சொற்களுக்குப் பின், மேற்கோள் குறி முடிவதற்குள் ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ என்பதை ஆங்கிலத்தில் சேருங்கள். அங்கே நோமோட்செட் இருந்தால் நீக்கிவிடுங்கள். பின்னர் முனையத்தில் (டெர்மினல்) ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கட்டளையை இயக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். மூடியை மூடித் திறந்தபின் பின்னொளி திரும்புகிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துவிட்டுத் தங்கையிடம் கொடுங்கள்.

கேட்டவர்

இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தேன், பின்னொளி சரியாகத் திரும்புகிறது.